புது எலெக்ட்ரிக் கார், ஸ்டில்ட் பார்க்கிங், 25 மீட்டர் தள்ளி ஈபி மீட்டர்: முன்கூட்டியே என்னென்ன செய்து வைக்கணும்?

வேளச்சேரி_2ம்_மாடி:

வணக்கம். வீட்டுக்கு முதல் எலெக்ட்ரிக் கார் இந்த மாதக் கடைசியில் வருகிறது. காம்பாக்ட் எஸ்யூவி, 45 யூனிட் பேட்டரி, எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல். வண்டி வருவதற்குள் சார்ஜிங் பாயின்ட் தயாராக இருக்க வேண்டும்.

நிலவரம்: 12 வீடுகள் உள்ள அடுக்ககம், கார் நிற்பது தரைத்தள ஸ்டில்ட்டில். எல்லா மீட்டரும் படிக்கட்டுக்குக் கீழே ஒரே போர்டில். அங்கிருந்து என் பார்க்கிங் தூண் வரை ஒயர் ஓடும் தூரம் 25 மீட்டர். த்ரீ ஃபேஸ் சர்வீஸ். தினசரி ஓட்டம் சுமார் 40 கி.மீ., மாதம் 1,000 கி.மீ. வரும். வருடத்தில் சில முறை மதுரை.

கேட்க வேண்டியவை: 15 ஆம்ப்ஸ் பிளக் பாயின்ட் போதுமா, 7.2 கிலோவாட் வால் பாக்ஸ் (சுவரில் மாட்டும் சார்ஜர்) போடலாமா? என்ன ஒயர், என்ன எம்சிபி (லோடு மிஞ்சினால் தானாக அணையும் சுவிட்ச்)? கரண்ட் பில் எவ்வளவு ஏறும்? 80 சதவீதத்தோடு நிறுத்தணும் என்று ஒருவர், 100 வரை போடணும் என்று இன்னொருவர் சொல்கிறார், எது சரி? ஏரியா வேளச்சேரி என்பதால் மழைத் தண்ணீர் பற்றியும் சொல்லுங்கள்.

ஒயரிங்_வேலை:

வணக்கம் சார். முதலில் தேவையைக் கணக்குப் போடுவோம். 40 கி.மீ.க்கு வண்டி எடுப்பது 5.5 முதல் 6 யூனிட். சார்ஜ் ஏறும்போது வீணாவதைச் சேர்த்தால் சுவரிலிருந்து 6.5 யூனிட். வண்டியோடு வரும் போர்ட்டபிள் சார்ஜர் 15 ஆம்ப்ஸ் பாயின்ட்டில் 3 கிலோவாட் அளவுக்கு இழுக்கும். ஆக, தினமும் இரண்டேகால் மணி நேரம். இரவு பத்துக்குப் போட்டால் பன்னிரண்டரைக்குள் முடிந்தது. காலியிலிருந்து முழுசாக ஏற்றத்தான் 15 மணி நேரம் ஆகும். அந்தத் தேவை உங்களுக்கு எப்போதாவதுதான். எனவே இன்றைக்கு 15 ஆம்ப்ஸ் போதும். ஆனால் ஒயரை மட்டும் 7.2 கிலோவாட்டுக்கு ஏற்றபடி இப்போதே இழுத்துவிடுங்கள். இன்னொரு தடவை அசோசியேஷனில் அனுமதி கேட்டு, சுவரில் துளை போட்டு இழுப்பதைவிட இது எவ்வளவோ நல்லது.

ஒயர்: 25 மீட்டருக்கு 6 ஸ்கொயர் எம்எம் காப்பர், மூன்று கோர். ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் அதே 6 ஸ்கொயர். 6 ஸ்கொயர் காப்பரின் மின்தடை கிலோமீட்டருக்குச் சுமார் 3 ஓம். போக வர 50 மீட்டர் என்றால் 0.15 ஓம். 32 ஆம்ப்ஸ் ஓடும்போது 5 வோல்ட் குறையும், அது பரவாயில்லை. 10 ஸ்கொயர் போட்டால் 3 வோல்ட்தான் குறையும். பார்க்கிங் 40 மீட்டரைத் தாண்டினால் அதுதான் சரி. வீட்டுக்குள் ஏசிக்கு ஓடும் 2.5 ஸ்கொயர் ஒயரிலிருந்து கிளை எடுத்து காருக்குக் கொடுக்க வேண்டாம். ஏசி கம்ப்ரசர் நின்று நின்று ஓடும். கார் மணிக்கணக்கில் ஒரே சீராக இழுக்கும். சுவருக்குள் கன்டியூட்டில் நாலு ஒயர் சேர்ந்து கிடந்தால் சூடு வெளியே போக வழியில்லை.

மீட்டர் போர்டில் உங்கள் மெயின் சுவிட்சுக்கு அடுத்து, வீட்டுக்குப் போகும் லைனிலிருந்து தனியாகப் பிரித்து, காருக்கென்று ஒரு சின்ன டிபி பெட்டி வையுங்கள். அதில் 15 ஆம்ப்ஸ் பாயின்ட்டுக்கு 20 ஆம்ப்ஸ் சி-கர்வ் எம்சிபி. பின்னால் வால் பாக்ஸ் வந்தால் 40 ஆம்ப்ஸுக்கு மாற்றுங்கள். 32 ஆம்ப்ஸ் லோடுக்கு 32 ஆம்ப்ஸ் எம்சிபி போட்டால், மே மாத வெயிலில் மூடிய பெட்டிக்குள் அது சூட்டிலேயே ட்ரிப் ஆகிக்கொண்டிருக்கும். கூடவே 30 மில்லிஆம்ப்ஸ் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். கடையில் கேட்காவிட்டால் 'ஏசி டைப்' கொடுத்துவிடுவார்கள். நீங்கள் 'ஏ டைப்' கேளுங்கள். முகப்பில் ஒரு அலைக்கோடு மட்டும் இருந்தால் ஏசி டைப். அலைக்கோட்டுக்குக் கீழே பாதி அலைகளும் வரைந்திருந்தால் ஏ டைப். கார் சார்ஜரில் ஏசியை டிசி ஆக்கும் சர்க்யூட் இருப்பதால் கசிவிலும் டிசி கலந்து வரலாம். அப்படி வந்தால் ஏசி டைப் ஆர்சிசிபியின் உள்ளே இருக்கும் காந்த வளையம் மரத்துப்போய், உண்மையிலேயே ஆளுக்கு ஷாக் அடிக்கும்போது ட்ரிப் ஆகாமல் இருந்துவிடும்.

பிளக் பாயின்ட்டாக மாடுலர் சாக்கெட் வேண்டாம். நீல நிறத்தில் மூடியோடு வரும் 16 ஆம்ப்ஸ் இண்டஸ்ட்ரியல் சாக்கெட் போடுங்கள். சார்ஜரின் பிளக் சாதாரண மூன்று பின் என்றால், நல்ல தரமான 16 ஆம்ப்ஸ் சாக்கெட்டை வெதர்ப்ரூஃப் பெட்டிக்குள் வைத்து, சுவிட்சுக்குப் பதில் எம்சிபியையே ஆன்-ஆஃப்புக்குப் பயன்படுத்தலாம். சாக்கெட் உருகுவது பெரும்பாலும் அதிக கரண்டால் இல்லை, தளர்ந்த கான்டாக்டால்தான். ஸ்க்ரூ லேசாகத் தளர்ந்தாலும் அந்த ஒரு புள்ளியில் சூடு சேரும், பிளாஸ்டிக் பழுப்பாகும், ஸ்பிரிங் இளகும், இன்னும் சூடாகும். முதல் நாள் ஒரு மணி நேரம் சார்ஜ் ஓடிய பிறகு பிளக்கின் மேல்பக்கத்தைக் கையால் பிடித்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. பிடித்துக்கொண்டிருக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்துங்கள். ஒரு மாதம் கழித்து மெயினை அணைத்துவிட்டு எல்லா டெர்மினல் ஸ்க்ரூவையும் ஒரு தடவை இறுக்கச் சொல்லுங்கள். புது ஒயர் சூடாகி ஆறும்போது கொஞ்சம் தளரும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாகக் காரைச் சார்ஜ் செய்வது எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

இன்னொன்று: ஜெனரேட்டர் பேக்கப் இருக்கும் அடுக்ககம் என்றால் காரின் லைன் அந்தப் பக்கம் போகாதபடி பாருங்கள். ஜெனரேட்டரின் நியூட்ரல் எர்த்தோடு இணையாமல் மிதந்துகொண்டிருந்தால் சார்ஜர் எர்த் ஃபால்ட் காட்டி நிற்கும். ஜெனரேட்டருக்கும் அந்த லோடு தாங்காது.

யூனிட்_கணக்கு:

பில் பற்றி நான் சொல்கிறேன். மாதம் 1,000 கி.மீ.க்கு சுவரிலிருந்து 150 யூனிட் என்று வையுங்கள். நமக்கு இரண்டு மாத பில் என்பதால் கார் மட்டும் 300 யூனிட். இப்போது உங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடுகிறது என்றால் அது 700 ஆகும்.

2024 ஜூலையில் வந்த வீட்டுக் கட்டணத்தில், 500ஐத் தாண்டியவர்களுக்கு 401 முதல் 500 வரை 6.45 ரூபாய், 501 முதல் 600 வரை 8.55, 601 முதல் 800 வரை 9.65, அதற்குமேல் 1,000 வரை 10.70, ஆயிரத்தைத் தாண்டினால் 11.80. ஆக 300 யூனிட்டுக்குக் கூடுதலாக 2,465 ரூபாய். 500க்குள் இருப்பவர்களுக்குக் கீழ்ப்படிகளில் கிடைக்கும் சலுகை விலையும் போய்விடுவதால் மொத்தத்தில் 2,700 பக்கம் வரும். 2,000 கி.மீ.க்கு அவ்வளவு, அதாவது கி.மீ.க்கு 1 ரூபாய் 35 காசு. லிட்டருக்கு 15 கி.மீ. தரும் பெட்ரோல் வண்டிக்கு, லிட்டர் 100 ரூபாய் என்றாலே 6 ரூபாய் 65 காசு.

ஆனால் மே, ஜூன் மாதங்களில் இரண்டு ஏசி ஓடும் வீடு என்றால் ஏற்கெனவே 800ஐத் தொட்டிருப்பீர்கள். அப்போது காரின் ஒவ்வொரு யூனிட்டும் 10.70, 11.80 படிகளில் விழும். அலுவலகத்தில் சார்ஜிங் இருந்தால் அந்த மாதங்களில் அங்கே போடுவது லாபம். மொட்டை மாடியில் சோலார் போட உரிமையுள்ள தனி வீட்டுக்காரர்களுக்குக் கணக்கே வேறு.

வீட்டு இணைப்பிலிருந்து சொந்தக் காரைச் சார்ஜ் செய்யலாமா என்ற சந்தேகம் அசோசியேஷன் கூட்டத்தில் கண்டிப்பாக வரும். தாராளமாகச் செய்யலாம். மத்திய மின்துறை அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே வீட்டிலும் அலுவலகத்திலும் இருக்கிற இணைப்பிலிருந்தே சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று இருக்கிறது. அதன் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒயர் போகும் பாதையை ஒரு தாளில் வரைந்து, எம்சிபி, ஆர்சிசிபி விவரத்தோடு எழுத்தில் கொடுங்கள். மற்ற வீட்டுக்காரர்கள் பயப்படுவது தீ விபத்துக்கும் பொது கரண்டைத் திருடுவதற்கும்தான். உங்கள் சொந்த மீட்டரிலிருந்து வருகிறது என்று காட்டினால் பாதிப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பொது சர்வீஸிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். கட்டணமும் அதிகம், மனஸ்தாபமும் வரும்.

7.2 கிலோவாட் போடும்போது அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்று பழைய பில்லில் பாருங்கள். குறைவாக இருந்தால் பிரிவு அலுவலகத்தில் கூடுதல் லோடுக்கு விண்ணப்பிக்க வேண்டும். த்ரீ ஃபேஸில் ஏசி, கீசர் இல்லாத ஃபேஸ் எது என்று பார்த்து அதில் காரைக் கொடுங்கள்.

வேளச்சேரி_2ம்_மாடி:

இருவருக்கும் மிக்க நன்றி. இன்று எங்கள் எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். பார்க்கிங்கில் ஏற்கெனவே ஒரு பழைய பாயின்ட் இருக்கிறது. அதில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டர் 18 வோல்ட் காட்டுகிறது. 'கார் சார்ஜர் எர்த் ஃபால்ட் சொல்லும், ஆனா சாக்கெட்டுக்குள்ளயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு ஜம்பர் போட்டா ஓடிடும்' என்கிறார். நிறைய வீடுகளில் அப்படித்தான் செய்கிறார்களாம். செய்யலாமா?

ஒயரிங்_வேலை:

செய்யவே கூடாது சார். தயவுசெய்து அவரைத் தடுத்துவிடுங்கள்.

அந்த ஜம்பர் போட்டதும் சார்ஜர் ஏமாந்து ஓடும், உண்மைதான். ஆனால் என்றைக்காவது மீட்டர் பக்கத்தில் நியூட்ரல் தளர்ந்து விட்டுப்போனால், கரண்ட் திரும்பிப் போக வழி இல்லாமல் அந்த ஜம்பர் வழியாக எர்த் பின்னுக்கு வரும். எர்த் பின் காரின் உடம்போடு சேர்ந்தது. கார் உடம்பு முழுக்க 230 வோல்ட். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கதவைத் தொடுபவர் நிலை என்ன? எர்த் உயிரோடு இருந்தால், சாக்கெட்டில் ஜம்பர் போட்டதுமே ஆர்சிசிபி ட்ரிப் ஆகும். அதனால் ஜம்பர் போடுபவர்கள் ஆர்சிசிபியையும் கழற்றிவிடுவார்கள். இரண்டு காவலும் ஒரே நேரத்தில் போய்விடுகிறது. ஊருக்குப் போகும்போது ஹோட்டல்களில் உதவும் என்று விற்கப்படும் 'எர்த் அடாப்டர்' பிளக்குகளும் இதே வேலைதான், வாங்காதீர்கள்.

18 வோல்ட் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. உங்கள் வீட்டின் எல்லா லோடையும் அணைத்துவிட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் நியூட்ரலில்தான் கோளாறு: எங்கோ ஜாயின்ட் தளர்ந்திருக்கிறது அல்லது ஒயர் மெல்லியது. மீட்டர் டெர்மினல் சீல் வைத்தது என்பதால் அதை ஈபி ஆட்கள்தான் தொடலாம். புகார் கொடுத்தால் வந்து பார்ப்பார்கள். அணைத்த பிறகும் அப்படியே இருந்தால் எர்த் ஒயர் எங்கோ அறுந்திருக்கலாம். டிஜிட்டல் மீட்டர் அறுந்த ஒயரிலும் பக்கத்து ஒயரின் பாதிப்பால் பொய் வோல்டேஜ் காட்டும். அதனால் 100 வாட் குண்டு பல்பு உள்ள டெஸ்ட் லேம்ப்பை முதலில் ஃபேஸ்-நியூட்ரலில், பிறகு ஃபேஸ்-எர்த்தில் பிடிக்க வேண்டும். இரண்டிலும் ஒரே பிரகாசம் என்றால் எர்த் உயிரோடு இருக்கிறது. மங்கலாக எரிந்தாலோ எரியாவிட்டாலோ எர்த் இல்லை. இந்தச் சோதனையை ஆர்சிசிபிக்கு முன்னால் உள்ள இடத்தில் எலெக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். பின்னால் செய்தால் ட்ரிப் ஆகிவிடும்.

பழைய அடுக்ககங்களில் கட்டும்போது போட்ட ஜிஐ பைப் எர்த் துருப்பிடித்து, உப்பும் கரியும் கரைந்து போயிருக்கும். காருக்கென்று தனி எர்த் பிட் போட்டுவிடுவது நல்லது. கெமிக்கல் எர்த்திங் ராடு போட்டு, எர்த் மெக்கரில் (எர்த்தின் மின்தடையை அளக்கும் கருவி) அளந்து 5 ஓமுக்குக் கீழே வருகிறதா என்று பார்த்து, அந்த அளவைத் தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். புது எர்த்தைக் கட்டிடத்தின் பழைய எர்த்தோடும் இணைத்துவிட வேண்டும். இரண்டும் தனித்தனியாக இருந்தால் அவற்றுக்கு இடையே வோல்டேஜ் நிற்கும். பைப் எர்த்தாக இருந்தால் கோடையில் வாரம் ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள், காய்ந்த மண் கரண்டைக் கடத்தாது.

செல்_பேலன்ஸ்:

80, 100 குழப்பத்துக்குக் காரணம் இரண்டு வகை செல்கள். என்எம்சி (நிக்கல் மாங்கனீஸ் கோபால்ட்) வகை பேட்டரிக்கு 80 சதவீதத்தோடு நிறுத்துவது நல்ல பழக்கம். நீண்ட பயணத்துக்கு முன் மட்டும் 100. எல்எஃப்பிக்கு நிலைமை வேறு. அதன் வோல்டேஜ் 20லிருந்து 90 சதவீதம் வரை கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் இருக்கும். அதனால் எவ்வளவு மிச்சம் என்பதை வோல்டேஜை வைத்துக் கண்டுபிடிக்க பிஎம்எஸ்ஸால் (பேட்டரியைக் கண்காணிக்கும் கம்ப்யூட்டர்) முடியாது. உள்ளே போன கரண்டையும் வெளியே போன கரண்டையும் கூட்டிக் கழித்துத்தான் சதவீதம் காட்டுகிறது, அந்தக் கணக்கில் சிறுகச் சிறுகப் பிழை சேரும். முழுசாக நிரம்பும்போதுதான் வோல்டேஜ் சட்டென்று ஏறி, 'இதுதான் 100' என்று அதற்குத் தெரியும். செல்களைச் சமன்படுத்தும் வேலையும் பெரும்பாலும் அந்த மேல்மட்டத்தில்தான் நடக்கும்.

உங்களுக்கு எல்எஃப்பி என்பதால்: வார நாட்களில் 80, 90 எதுவானாலும் சரி. வாரம் ஒரு தடவை வீட்டுச் சார்ஜரில் 100 வரை விட்டு, 100 காட்டிய பிறகும் வண்டி தானாக நிறுத்தும் வரை பிளக்கில் இருக்கட்டும். மாதக்கணக்கில் இதைச் செய்யாமல் விட்டால் 18 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று 5க்கு இறங்கும். செல் கெட்டுவிட்டது என்று சர்வீஸ் சென்டருக்கு ஓடுவார்கள், ஆனால் பெரும்பாலும் கணக்குப் பிழைதான். வண்டியின் கையேட்டில் இதைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறதோ அதுதான் முதல் வழிகாட்டி.

இரண்டு வகைக்கும் பொதுவான எதிரி சூடு. மதியம் மூன்று மணி வெயிலில் ஓட்டி வந்து உடனே சார்ஜில் போடுவதைவிட இரவில் போடுங்கள். 100 ஏற்றிய வண்டியை நாட்கணக்கில் வெயிலில் நிறுத்தி வைக்காதீர்கள். 10 சதவீதத்துக்குக் கீழே போய் நின்றால் அன்றே ஏற்றுங்கள்.

நகரத்தில் ரேஞ்சைத் தின்பது எது தெரியுமா? ஏசி. ஓடிக்கொண்டிருக்கும் ஏசி 1.2 கிலோவாட் எடுக்கிறது என்று வையுங்கள். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் அது கி.மீ.க்கு 15 வாட்-ஹவர், பெரிதாகத் தெரியாது. மத்திய கைலாஷ் சிக்னல் நெரிசலில் சராசரி வேகம் 20க்கு இறங்கினால் கி.மீ.க்கு 60 வாட்-ஹவர். டீலர் மீட்டரில் காட்டிய ரேஞ்சு ஏன் வரவில்லை என்று முதல் மாதம் எல்லோரும் கேட்பதற்குப் பாதிப் பதில் இதுதான். காலையில் கிளம்பும் முன் சார்ஜரில் இருக்கும்போதே ஆப் வழியாக ஏசியைப் போட்டு உள்ளே குளிரவைத்துவிட்டால், அந்த முதல் சூட்டைத் தணிக்கும் செலவு பேட்டரியிலிருந்து போகாது.

ஜிஎஸ்டி_ரோடு:

மதுரைக்கு வருவோம். சுமார் 460 கி.மீ. 90ல் சீராகப் போனால் இந்த அளவு வண்டி 100 கி.மீ.க்கு 14 முதல் 15 யூனிட் எடுக்கும். 110க்கு மிதித்தால் 18ஐத் தாண்டும்; காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் இதில் தப்பிக்க வழியில்லை. மொத்தம் 67 யூனிட் தேவை, பயன்படுத்தக்கூடியது 43 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் 100 வரை ஏற்றிக்கொண்டு ஓடப் பார்க்காதீர்கள். டிசி ஃபாஸ்ட் சார்ஜரில் 80க்கு மேல் ஏறும் வேகம் மளமளவென்று குறையும். 80லிருந்து 100 ஏறும் நேரத்தில் இன்னொரு இடத்தில் 20லிருந்து 70 ஏறிவிடும்.

வீட்டில் 100 போட்டுக் கிளம்பினால் விழுப்புரம் பக்கம், 160 கி.மீ.யில், 46 சதவீதம் இருக்கும். அங்கே 80 வரை போடுங்கள், டிபன் சாப்பிடும் நேரம்தான். திருச்சியை 23 சதவீதத்தோடு தொடுவீர்கள். அங்கே 75 வரை. மதுரையில் இறங்கும்போது 30 சதவீதம் கையில் இருக்கும். விழுப்புரத்தில் சார்ஜர் ஓடாவிட்டாலும் 46 சதவீதத்தில் இன்னும் 100 கி.மீ. தேட முடியும் என்பதுதான் இந்தத் திட்டத்தின் பலம். எந்த நிறுத்தத்தையும் 20க்குக் கீழே வைத்துத் திட்டமிடாதீர்கள்.

இந்தச் சாலையில் சார்ஜருக்குப் பஞ்சமில்லை. பாரத் பெட்ரோலியம் 2022லேயே சென்னை-திருச்சி-மதுரை வழியில் தன் பங்க்குகளில் சுமார் 100 கி.மீ.க்கு ஒன்றாக சிசிஎஸ்-2 (கார்களுக்கான டிசி ஃபாஸ்ட் சார்ஜிங் இணைப்பு வகை) சார்ஜர் வைக்கத் தொடங்கியது. பிறகு டாடா பவர், கோவையின் ஜியான் என்று பலரும் வந்துவிட்டார்கள். ஆனால் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் இதையும் பாருங்கள்: போர்டில் 60 கிலோவாட் என்று இருக்கும், இரண்டு கன் (வண்டியில் மாட்டும் கேபிள் முனை) இருக்கும். பக்கத்தில் இன்னொரு வண்டி மாட்டினால் பல மெஷின்களில் ஆளுக்கு 30தான். 22 யூனிட் ஏற அரை மணிக்குப் பதில் முக்கால் மணி ஆகும். கிளம்பும் முன் ப்ளக்ஷேர் ஆப்பில் அந்த இடத்தில் கடைசியாகச் சார்ஜ் செய்தவர் என்ன எழுதியிருக்கிறார், எந்தத் தேதியில் என்று படியுங்கள். நிறுவனத்தின் ஆப்பில் பச்சையாகக் காட்டுவது மெஷின் நெட்வொர்க்கில் இருக்கிறது என்பதைத்தான் சொல்லும். மூன்று நான்கு நிறுவன ஆப்களை வீட்டிலேயே பதிவு செய்து, வாலட்டில் கொஞ்சம் பணம் போட்டு வையுங்கள். நெடுஞ்சாலையில் சிக்னல் இல்லாத இடத்தில் ஓடிபி வருவதற்குக் காத்திருப்பது பெரிய தொல்லை. கட்டணம் யூனிட்டுக்கு 20 ரூபாயைச் சுற்றி, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி.

சார்ஜ் தொடங்காமல் எரர் வந்தால் முதலில் கன்னைப் பாருங்கள். டிசி கேபிள் கனமானது, அதன் எடை கன்னைக் கீழே இழுக்கும். பின்கள் சரியாகத் தொடாமல் வண்டியும் மெஷினும் பேசிக்கொள்ள முடியாமல் போகும். 'க்ளிக்' கேட்கும் வரை அழுத்தி, சார்ஜ் தொடங்கும் வரை கைப்பிடியை லேசாக மேல்நோக்கித் தாங்கிப் பிடியுங்கள். அடுத்தது, மெஷின் பக்கவாட்டில் சிவப்பு எமர்ஜென்சி பட்டன் யாராவது அழுத்தி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். திருகினால் வெளியே வரும், ஒரு நிமிடத்தில் மெஷின் உயிர் பெறும். அதற்கும் மசியாவிட்டால் கன்னைக் கழற்றி, வண்டியை அணைத்துப் பூட்டித் திறந்து, மறுபடி முதலிலிருந்து. முடிந்த பிறகு கன் கழறவில்லை என்றால் சாவியில் அன்லாக்கை அழுத்திவிட்டு இழுங்கள். அப்படியும் வராவிட்டால் கையால் விடுவிக்கும் ஒரு கயிறு பானெட்டுக்குள்ளோ டிக்கியிலோ இருக்கும். அது உங்கள் வண்டியில் எங்கே என்பதை டெலிவரி நாளன்றே கேட்டுத் தொட்டுப் பார்த்துவிடுங்கள்.

பொங்கல், தீபாவளிக்கு முந்தின இரவு மட்டும் வரிசை நிற்கும். அதிகாலை நாலு மணிக்குள் விழுப்புரத்தைத் தாண்டிவிடுவது உத்தமம்.

மலைப்பாதை:

மதுரையிலிருந்து கொடைக்கானல் போவீர்கள் என்றால் ஒரு வார்த்தை. வத்தலக்குண்டிலிருந்து மேலே சுமார் 1,800 மீட்டர் ஏற்றம். ஆட்களோடு 2 டன் எடையை அவ்வளவு உயரம் தூக்கவே 10 யூனிட் வேண்டும், சமதளச் செலவு தனி. அடிவாரத்தில் 60 சதவீதமாவது இருக்கட்டும். இறங்கும்போது ரீஜென் (மோட்டாரே ஜெனரேட்டராகி வேகத்தைக் குறைத்து பேட்டரியை ஏற்றுவது) அதில் பாதிக்குமேல் திருப்பிக் கொடுக்கும், ஆனால் பேட்டரியில் இடம் இருந்தால்தான். மேலே ஹோட்டலில் 100 ஏற்றிக்கொண்டு இறங்கினால் ரீஜென் வேலை செய்யாது, மொத்த வேலையும் பிரேக் பேடின் தலையில் விழும். 80க்கு மேல் ஏற்றாமல் இறங்குங்கள்.

ஊரில் எப்போதும் ரீஜென்னிலேயே நிறுத்திப் பழகினால் பிரேக் டிஸ்க்கில் துரு ஏறும், கடற்காற்று வேறு. வாரம் ஒரு தடவை ரீஜென்னைக் குறைத்துவிட்டுப் பின்னால் வண்டி இல்லாதபோது நாலைந்து தடவை பிரேக்கை நன்றாக மிதியுங்கள்.

வேளச்சேரி_2ம்_மாடி:

அருமை. ஜம்பர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், தனி எர்த் பிட்டுக்கு ஏற்பாடு. மழை பற்றி யாராவது சொல்லுங்கள். கூடவே, டிசம்பரில் மூன்று வாரம் ஊரில் இருக்க மாட்டோம். கார் பிளக்கில் இருக்கலாமா?

செல்_பேலன்ஸ்:

மழையில் நனைந்தபடி சார்ஜ் செய்வதில் பயமில்லை, கன்னும் சாக்கெட்டும் அதற்கென்றே செய்தவை. சுவர்ப் பக்கத்துப் பிளக்தான் நனையக் கூடாது. தேங்கும் தண்ணீர் வேறு விஷயம். பேட்டரிக்கு ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்று ஆய்வுக்கூடத்தில் நல்ல தண்ணீரில் சோதித்தது. சாக்கடையும் சேறும் கலந்த தண்ணீரில் இரவு முழுக்க நிற்பதற்கு அது உத்தரவாதமில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் உங்கள் பகுதியின் தரைத்தள பார்க்கிங்குகள் மூழ்கியது நினைவிருக்கும். கனமழை எச்சரிக்கை வந்ததும் காரை வேளச்சேரி மேம்பாலத்துக்கோ உயரமான இடத்துக்கோ கொண்டுபோகும் பழக்கத்தில் நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள், கிளம்பும் முன் 50 சதவீதமாவது சார்ஜ் இருக்கட்டும். சாக்கெட், டிபி பெட்டி இரண்டும் தரையிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு மேல். வெள்ளம் வரும் முன் காருக்கான எம்சிபியை மீட்டர் போர்டிலேயே அணைத்துவிடுங்கள்.

ஒருவேளை கார் தண்ணீரில் நின்றுவிட்டால், தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டாம், சார்ஜில் போடவும் வேண்டாம். ஆரஞ்சு நிறக் கேபிள்களைத் தொடவே கூடாது. நாலு சக்கரமும் மேலே ஏறும் ஃப்ளாட் பெட் வண்டியில்தான் எடுத்துப்போக வேண்டும். முன்சக்கரம் தரையில் உருண்டால் மோட்டார் ஜெனரேட்டராகி உள்ளே கரண்ட் உற்பத்தி செய்யும். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போதே பேட்டரிக்கும் சார்ஜருக்கும் தனி ஆட்-ஆன் உண்டா, அதில் வெள்ளம் சேருமா என்று பாலிசி வாசகத்தைப் படித்து வாங்குங்கள்.

மூன்று வாரத்துக்குப் பிளக்கில் விட வேண்டாம். பெரிய பேட்டரியை 50, 60 சதவீதத்தில் விட்டால் அது மாதக்கணக்கில் தாங்கும். கவலை 12 வோல்ட் பேட்டரிதான். கதவுப் பூட்டு, கம்ப்யூட்டர், பெரிய பேட்டரியை இணைக்கும் கான்டாக்டர் எல்லாம் அதில்தான் விழிக்கின்றன. அது இறங்கினால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் வண்டி அசையாது. சில வண்டிகள் நிற்கும்போதே பெரியதிலிருந்து சின்னதை அவ்வப்போது ஏற்றிக்கொள்ளும். உங்களுடையதில் அது உண்டா என்று கேளுங்கள். டேஷ் கேம் பார்க்கிங் மோடில் இருந்தால் அணைத்துவிடுங்கள். ஆப்பைத் திறந்து வண்டி எப்படி இருக்கிறது என்று தினமும் பார்க்காதீர்கள், ஒவ்வொரு தடவையும் அது விழித்து 12 வோல்ட்டைச் செலவழிக்கும்.

12 வோல்ட் தானாக ஏறும் வசதி இல்லையென்றால், கையேடு அனுமதித்தால், அதன் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம். கழற்றும் முன் ரிமோட்டுக்குள் இருக்கும் இரும்புச் சாவியை வெளியே எடுத்து டிரைவர் கதவு அதில் திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிக்கி கரண்டில்தான் திறக்கும் என்பதால் ஸ்பேனரையும் சார்ஜரையும் அதற்குள் வைத்துப் பூட்டிவிட வேண்டாம்.